வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மழை ஓய்ந்த பிற்பகல் ஒன்றில், முதியவர் ஒருவர் 2 மணி 11 நிமிடம் பேசினார். ஐதராபாத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்தார். கதையில் தொடங்கிய பேச்சு பாட்டுக்குத் தாவியது. கடைசிப் 17 நிமிடம் நிலத்தைப் பற்றியதாக மாறியது. எந்த வயல் யார் கைக்குப் போயிற்று, கைநாட்டு வாங்க வந்தவர் என்ன சொன்னார், ஊரில் யார் அவருக்குத் துணை நின்றார் என்பன எல்லாம் பெயர்களோடு வந்தன. கருவியை அணைத்தபின் முதியவர் சொன்னார்: “பாட்டை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் காட்டு, மகளே. இந்தப் பேச்சு மட்டும் உன் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.” ஆய்வாளர் சரி என்றார்.

அவ்வட்டாரத்துக் கதபா மக்கள் இரு மொழிகளுக்கு உரியவர்கள். ஒரு பிரிவினர் பேசும் குதோப் முண்டா குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொரு பிரிவினரின் ஓல்லாரி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேற்றாரோடு பேசத் தேசியா என்னும் வட்டார ஒடியா இருக்கிறது. ஆய்வாளரின் தலைப்பு ஓல்லாரிக் கதைகூறலில் பிறர் கூற்று எவ்வாறு அமைகிறது என்பது: அவர் இப்படிச் சொன்னார் என்று இவர் சொன்னார் என்பதை ஒரு மொழி எந்த உருபுகளால், எந்தக் குரல் மாற்றத்தால் கட்டுகிறது என்னும் கேள்வி. நிலத்தைப் பற்றிய அந்தப் 17 நிமிடத்தில் இத்தகைய வாக்கியங்கள் நிறைந்திருந்தன. ஏமாற்றப்பட்டவரின் நினைவில் ஏமாற்றியவரின் சொல் எழுத்துப் பிசகாமல் நிற்கும் போலும்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிப் படிவத்தில், தரவுகள் எவ்வாறு பாதுகாக்கப்படும் என்ற கேள்விக்கு எதிரே இருந்த கட்டம் இரண்டு வரி நீளமே உடையது. ஆய்வாளர் அதில் “கடவுச்சொல்லால் பாதுகாக்கப்பட்ட கருவியில் சேமிக்கப்படும்” என்று எழுதினார். முன்பு எழுதியவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். படிவம் ஏற்கப்பட்டது.

முதியவர் சொன்ன வீடு, ஐதராபாத்தில் இரண்டு அறை கொண்ட வாடகைப் பகுதி. அதில் ஆய்வாளரோடு இன்னும் இருவர் குடியிருந்தனர். இணைய நிறுவனத்தார் வந்து கண்ணாடியிழை வடத்தைச் சன்னல் ஓரமாக உள்ளிழுத்து, ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் திருகிவிட்டுப் போயிருந்தார்கள். மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் அந்த ஒரே பெட்டிதான். அதன் நிர்வாகப் பக்கத்துக்குரிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தன. இரண்டும் ஒரே சொல். அந்தப் பெட்டியோடு வடத்தால் இணைக்கப்பட்டு, இரண்டு வன்வட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டி ஒன்று புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நான்கு களப்பயணங்களின் 140 மணி நேர ஒலிப்பதிவு அதில்தான் இருந்தது.

வீட்டு இணைப்புகள் பலவற்றுக்கு இந்தியாவில் இன்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது, அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் ஒரு முகவரித் தொகுதி 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டது. பங்கீட்டு முகவரியில் இருக்கும் வீட்டின் கதவை வெளியிலிருந்து நேரே தட்டுவது கடினம். ஆனால் ஆய்வாளர், துறை நூலகத்தில் இருந்தபடியே வீட்டுக் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பதற்காக, கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி ஒன்றை வாங்கியிருந்தார். சேமிப்புப் பெட்டியை அமைத்த நாளில் “வெளியிலிருந்து அணுக வசதி செய்யலாமா?” என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினார். வசதி வந்தது. எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

அது வந்த வழிக்கு யு.பி.என்.பி. என்று பெயர். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் ரவுட்டரிடம் “எனக்கு வெளியே ஒரு வாசல் திற” என்று கேட்கலாம். ரவுட்டர் வீட்டுக்காரரைக் கேட்காமலே திறந்துவிடும். விளையாட்டுக் கருவிகளுக்கும் காணொளி அழைப்புகளுக்கும் உதவும் என்று செய்யப்பட்ட ஏற்பாடு இது. பூட்டைத் திறக்கும் உரிமையை வீட்டில் உள்ள ஒவ்வொரு மேசைக்கும் நாற்காலிக்கும் கொடுத்துவைத்தது போன்றது.

திறந்திருந்த வாசலை முதலில் கண்டவர், மேல்மாடியில் குடியிருந்த, வலையமைப்பு நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி பார்த்துவந்த ஒருவர். வைஃபை மெதுவாக இருக்கிறதே என்று பார்க்க வந்தவர், சேமிப்புப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. நிமிடத்துக்குப் பல, இரவென்றும் பகலென்றும் இல்லை. ஆய்வாளரின் கண் பயனர்பெயர்ப் பத்தியில் நின்றது. அட்மின், ரூட், டெஸ்ட், கெஸ்ட், யூசர், பேக்கப் என்று வரிசை ஓடியது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எவரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை என்பது தெளிவாக இருந்தது. அவருக்கு அது பழக்கமான பொருளாகவும் தோன்றியது: மிகுதியாக வழங்கும் சொல் முதலிலும் அருகி வழங்கும் சொல் கடைசியிலும் வரும் சொல்லடைவுப் பட்டியல். இவ்வகைத் தாக்குதலுக்குப் பாதுகாப்புத் துறையார் வைத்திருக்கும் பெயரே அகராதித் தாக்குதல் என்பதாம். மனிதர்கள் கடவுச்சொல்லாக எதைத் தேர்வார்கள் என்பதும் ஒரு மொழி வழக்குதான். அதையும் ஒருவர் தொகுத்திருக்கிறார்.

இந்தப் பட்டியல்களின் வலிமை 2016இல் உலகுக்குத் தெரிந்தது. மிராய் என்னும் தீநிரல் கண்காணிப்புக் கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் தேடித் தேடி, தொழிற்சாலையில் வைத்துவிட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் 60க்குச் சற்று மேற்பட்டவற்றை மட்டும் முயன்று பார்த்தது. அச்சிறு பட்டியல் பல லட்சம் கருவிகளைத் திறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவையை மிராய் வகைக் கருவிக் கூட்டம் தாக்கியபோது, அமெரிக்காவில் பெருந்தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமற் போயின. அடுத்த மாதம் ஜெர்மனியில், தொலைவிலிருந்து ரவுட்டர்களைப் பராமரிப்பதற்கான வாசலைக் குறிவைத்த தாக்குதலால் ஏறத்தாழ 9 லட்சம் வீட்டு இணைப்புகள் தடுமாறின. 2017 ஜூலையில் இந்தியாவிலேயே, தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத பொதுத்துறை அகன்ற அலைவரிசை மோடம்கள் தீநிரலால் செயலிழந்தன. கடவுச்சொல்லை மாற்றுமாறு வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் பணயத் தீநிரல், இணையத்துக்கு நேரே திறந்திருந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததும் அவ்வகைப் பெட்டிதான்.

ஆய்வாளரின் பெட்டி பூட்டப்படவில்லை. பதிவேட்டில் அயலார் எவரும் நுழைந்ததற்கான வரி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதிவேடு அண்மைய சில நாள்களின் வரிகளை மட்டுமே வைத்துக்கொண்டு பழையவற்றை அழித்துவிடும் வகையில் அமைந்திருந்தது. வாசல் திறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரண்டாண்டைப் பற்றிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

மேல்மாடிக்காரர் அன்றிரவே யு.பி.என்.பி.யை அணைத்து, வாசலை மூடினார். தனியாக ஒரு வன்பொருள் ஃபயர்வால் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒவ்வொரு கணினியிலும் இயங்கும் மென்பொருள் ஃபயர்வால் அந்தக் கணினியை மட்டுமே காக்கும். அந்தக் கணினி கெட்டால் அதுவும் சேர்ந்து கெடும். சேமிப்புப் பெட்டி, தொலைக்காட்சி, கேமரா போன்றவற்றில் அப்படியொன்றை நிறுவவும் இயலாது. வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே, எல்லாப் போக்குவரத்தும் கடந்தாக வேண்டிய இடத்தில் நிற்கும் தனிக் கருவிதான் வன்பொருள் ஃபயர்வால்.

அந்தச் சொல்லே ஆய்வாளரைச் சில நாள் பிடித்துவைத்திருந்தது. தமிழில் தீயரண் என்கிறார்கள், தீச்சுவர் என்கிறார்கள், பேச்சில் ஃபயர்வால்தான். தீயரண் என்றதும் தீ வெளியே இருக்கிறது, வீடு உள்ளே பத்திரமாக இருக்கிறது என்ற படம் மனத்தில் எழுகிறது. கட்டடக் கலையில் அச்சொல்லின் பொருள் வேறு. ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு இடையிலோ ஒரே கட்டடத்தின் பகுதிகளுக்கு இடையிலோ எழுப்பப்படும் கனத்த சுவர் அது. தீ எங்கே பிடிக்கும் என்று அந்தச் சுவர் கணிப்பதில்லை. உன் சமையலறையிலேயே பிடிக்கலாம். பிடித்த இடத்தோடு நிற்க வேண்டும், பரவக் கூடாது என்பதே அதன் வேலை. வலையமைப்புக்கு வந்தபோது சொல் தன் பாதிப் பொருளை இழந்துவிட்டது. வெளிவாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே எல்லாக் கருவிகளையும் ஒரே கூடத்தில் உறங்கவிடும் வீடுகளில் இழப்பு கண்கூடு.

ஃபயர்வாலின் உள்வேலை, உரையாடல் பகுப்பாய்வு படித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். 1973இல் ஷெக்லாஃபும் சாக்ஸும் எழுதிய கட்டுரை, கேள்வியும் விடையும், வணக்கமும் மறுவணக்கமும் போல இணையாக வரும் கூற்றுகளை விளக்கியது. இணையின் இரண்டாம் உறுப்புக்குப் பொருள் கொடுப்பது முதல் உறுப்பு. இணையத்தில் டி.சி.பி. என்னும் நெறிப்படி நடக்கும் ஒவ்வொரு தொடர்பும் இப்படித்தான் தொடங்குகிறது: பேசலாமா என்று ஒரு பக்கம் கேட்கிறது, பேசலாம், நீயும் தயாரா என்று மறுபக்கம் சொல்கிறது, தயார் என்று முதற்பக்கம் முடிக்கிறது. மூன்று பொட்டலங்கள்; அதன்பின்தான் செய்தி. 1980களின் இறுதியில் வந்த முதல் தலைமுறை வடிகட்டிகள் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே பார்த்தன. முகவரி சரியா, போர்ட் எண் சரியா என்பதோடு அவற்றின் ஆராய்ச்சி முடிந்தது. விடை போல வேடமிட்டு வரும் பொட்டலத்தை, கேட்கப்படாத கேள்விக்கு எப்படி விடை வரும் என்று அவை கேட்கவில்லை. 1990களில் பரவிய நிலையறி ஃபயர்வால்கள் நடப்பிலுள்ள உரையாடல்கள் அனைத்தையும் ஓர் அட்டவணையில் நினைவு வைத்துக்கொள்கின்றன. உள்ளிருந்து ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாக வருவது நுழையலாம். வெளியிலிருந்து தானாகப் பேச்சைத் தொடங்குவது நுழைய முடியாது. தொடங்கியவர் யார் என்பதே ஃபயர்வால் கேட்கும் முதற்கேள்வி.

வீட்டு ரவுட்டரே இதைச் செய்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரவுட்டர் செய்வது முகவரி மாற்றம். 32 இலக்க முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. அவை தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1994இல் முன்வைக்கப்பட்ட தற்காலிக உபாயம் அது. உள்ளே 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள், வெளியே ஒரே பொது முகவரி. வெளியிலிருந்து வரும் பொட்டலத்தை உள்ளே யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் ரவுட்டர் அதைக் கைவிட்டுவிடுகிறது. இந்தத் தெரியாமைதான் முப்பதாண்டுகளாக வீடுகளின் பாதுகாப்பு என்று பெயர் பெற்றிருக்கிறது. புதிய 128 இலக்க முகவரி முறையில், அதாவது ஐ.பி. 6இல், அதுவும் கிடையாது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சொந்த முகவரி உண்டு. அம்முறை மிகப் பரவலாக வழங்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆய்வாளர் தம் சேமிப்புப் பெட்டியைப் பார்த்தபோது அதற்கும் அத்தகைய முகவரி ஒன்று இருந்தது. யு.பி.என்.பி.யை அணைத்ததால் மூடியது பழைய முகவரியின் வாசல் மட்டுமே. புதிய முகவரியின் பக்கம் வெள்ளைப் பெட்டியின் ஃபயர்வால் இயங்குகிறதா என்று அறிய அதன் நிர்வாகப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.

கருவிக்குப் பெருஞ்செலவு ஆகவில்லை. அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட சிறிய மேசைக்கணினி, பழைய பொருள் கடையில் வாங்கிய நான்கு வாய் வலையட்டை, ஓப்பன்சென்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் ஆகியவை போதுமாக இருந்தன. அம்மென்பொருளுக்கு ஒரு வமிசாவளியே உண்டு. 2003இல் தோன்றிய மோனோவால், அதிலிருந்து 2004இல் கிளைத்த பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து 2015இல் கிளைத்த இது. மொழிக்குடும்ப மரம் வரையும் பழக்கமுள்ளவருக்கு அந்த வரிசை பிடித்துப்போனது. இணைய நிறுவனத்தின் வெள்ளைப் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதாவது அது வெறும் மோடமாக நின்று, பொது முகவரியைப் புதிய கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குத் தொலைபேசியில் பலமுறை விளக்கவேண்டி வந்தது. மின்வெட்டு நேரத்துக்காகக் கருவி இன்வெர்ட்டரோடு இணைக்கப்பட்டது.

நான்கு வாய்களுக்கு நான்கு பொறுப்புகள். முதலாவது வெளியுலகம். இரண்டாவது வீட்டு வைஃபை: மூவரின் கைபேசிகள், தொலைக்காட்சி, வந்துபோகும் நண்பர்கள். மூன்றாவது ஆய்வாளரின் வேலைக் கணினி. நான்காவது சேமிப்புப் பெட்டி மட்டும். பிறகு விதிகள். எல்லாம் மறுக்கப்படும் என்பது முதல் விதி. அதன்மேல் விலக்குகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. வைஃபையிலிருந்து வெளியே போகலாம், சேமிப்புப் பெட்டியிடம் போகக் கூடாது. வேலைக் கணினி இரண்டிடமும் போகலாம். இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

நான்காவது வாயின் விதிக்கு இரண்டு நாள் ஆயிற்று. சேமிப்புப் பெட்டி வெளியே யாரோடு பேசலாம்? வழக்கமான வீட்டு அமைப்பில் உள்ளிருந்து கிளம்பும் எதையும் யாரும் தடுப்பதில்லை; வெளியிலிருந்து வருவதுதான் ஆபத்து என்ற எண்ணம். ஆனால் முதியவர் கேட்டது அதன் மறுபக்கத்தை. யாரும் உள்ளே வரக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பேச்சு வெளியே போகக் கூடாது என்றார். அவருடைய வாக்கியத்தை அப்படியே ஃபயர்வாலின் மொழிக்கு மாற்றினால் கிடைப்பது ஒற்றை வரி: நான்காவது வாயிலிருந்து எங்கும் எதுவும் செல்லாது. ஆய்வாளர் அதை எழுதி, விதியின் குறிப்புக் கட்டத்தில் முதியவரின் சொற்களைத் தேசியாவிலேயே தட்டச்சு செய்தார்.

விதி செயலுக்கு வந்த முதல் நாள் மாலை பதிவேட்டைப் பார்த்தபோது, மறுக்கப்பட்ட வரிகளில் பெரும்பாலானவை சேமிப்புப் பெட்டியிலிருந்து கிளம்பியவை. நேரம் கேட்க, புதிய பதிப்பு உண்டா என்று கேட்க, தயாரிப்பாளரின் சர்வருக்குத் தன் நலம் தெரிவிக்க என்று அது ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. களவு எதுவும் அதில் இல்லை. பெட்டியின் இயல்பான நாள்வழக்கம் அவ்வளவுதான். தொலைக்காட்சியோ, வீட்டின் பெயர்ச் சேவையைக் கேட்காமல் தன்னுள்ளே பதிந்துவைத்திருந்த வெளி சர்வர் ஒன்றை நேரே நாடியது. வாடகைக்கு மூவர் இருக்கும் வீட்டில் இத்தனை வாய்கள் இத்தனை பேரோடு பேசிக்கொண்டிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. நேரத்தை ஃபயர்வாலே சொல்லும்படி அமைக்கப்பட்டது. மென்பொருள் புதுப்பிப்புக்காக மாதம் ஒருமுறை அரை மணி நேரம் வாசல் திறக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அடைக்கப்படும். துறை நூலகத்திலிருந்து கோப்பைத் திறக்கும் வசதி போயிற்று. அந்த வசதிக்காகத்தான் எல்லாம் தொடங்கியது என்பதால் அதைப் பற்றி ஆய்வாளர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இக்கருவியால் ஆகாதவையும் உண்டு. வேலைக் கணினிக்கு ஒரு போலி மின்னஞ்சல் வந்து, அதில் உள்ள இணைப்பை ஆய்வாளரே அழுத்தினால், பேச்சைத் தொடங்கியவர் உள்ளிருப்பவர் ஆகிவிடுகிறார், ஃபயர்வால் வழிவிடும். இன்றைய போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால், யார் யாரோடு பேசுகிறார் என்பதை அது அறியுமே தவிர என்ன பேசுகிறார் என்பதை அறியாது. பையில் போகும் பென்டிரைவ் அதன் கண்ணில் படாது. ஃபயர்வாலுக்கும் புதுப்பிப்பு வேண்டும்; 2018இல் வி.பி.என்.ஃபில்டர் என்னும் தீநிரல் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களையும் அவை போன்ற கருவிகளையும் பற்றியதாகக் கண்டறியப்பட்டது. காவலுக்கு நின்றவையே அங்கே பிடிபட்டன. திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்கு அரண் என்று பெயர். நீரும் நிலமும் மலையும் காடும் என அரணின் உறுப்புகளை எண்ணும் அவ்வதிகாரம், உள்ளிருப்பவரிடம் செயல்திறம் இல்லையாயின் எத்துணைச் சிறந்த அரணும் இல்லாததற்கே சமம் என்ற கருத்தோடு முடிகிறது. தீயரண் என்று பெயர் சூட்டியவர்கள் அந்த முடிவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஞாயிறு காலைதோறும் பதிவேட்டைப் படிப்பது ஆய்வாளரின் வழக்கமாயிற்று.

சுவர் எழுந்தது. அதற்கு முந்திய இரண்டாண்டுகள் எஞ்சின. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற எண்மத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வகுக்கப்பட்ட தரநிலைகளுக்கு உட்பட்டு நடக்கும் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது. நெறியாளரிடம் கேட்டபோது, எதுவும் கசிந்ததற்குச் சான்று இல்லாதபோது ஊருக்குப் போய்ச் சொல்லி அவர்களைக் கலங்கவைப்பது தேவையா என்றார். அதுவும் அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் வாக்கு கொடுக்கப்பட்டது நெறியாளரிடமும் அன்று, சட்டத்திடமும் அன்று.

அடுத்த களப்பயணத்தில், மறையாக்கம் செய்த வட்டில் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் முதியவரிடம் சென்றார். போர்ட், முகவரி எதையும் சொல்லவில்லை. “என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு கதவு திறந்திருந்தது, ஐயா. யாராவது வந்து கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போது அடைத்துவிட்டேன்” என்றார். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பேச்சைத் தாம் மறுபடி கேட்க வேண்டும் என்றார். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் 17 நிமிடத்தையும் கேட்டார்கள். கைநாட்டு வாங்க வந்தவரின் குரலை முதியவர் தம் குரலில் போலிசெய்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. அடுத்த பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பெயருக்குரியவரின் மகன் இப்போது அடுத்த தெருவில் இருக்கிறார்.

அழித்துவிடு என்றார். பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமா என்று ஆய்வாளர் கேட்டார். “பெயரை எடுத்துவிட்டால்? குரல் என்னுடையதுதானே, மகளே. இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?” என்றார் முதியவர். குரலுக்கு உரியவரைக் குரலே காட்டிக்கொடுக்கும் என்பதை மொழியியல் படித்த ஒருவரிடம் விளக்க வேண்டியதில்லை.

வட்டில் இருந்த படி அங்கேயே, அவர் பார்க்க அழிக்கப்பட்டது. ஐதராபாத் திரும்பியதும் சேமிப்புப் பெட்டியிலும் இரண்டு காப்புப் படிகளிலும் அப்பகுதி நீக்கப்பட்டது, எழுத்துப்பெயர்ப்பும் நீக்கப்பட்டது. பிறர் கூற்றைப் பற்றிய மூன்றாம் இயலில் 43 எடுத்துக்காட்டுகள் இருந்தன. அவற்றுள் 11 அந்தப் பேச்சிலிருந்து வந்தவை. இயலின் வாதத்தைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் அவையே. இயல் இப்போது 32 எடுத்துக்காட்டுகளோடு திருத்தி எழுதப்படுகிறது. கூற்றுக்கு உரியவரின் குரலைப் போலிசெய்வது குறித்த உட்பிரிவு கைவிடப்பட்டது. நெறியாளர் அதற்குக் காரணம் கேட்கவில்லை.

ஆய்வு நெறிப் படிவத்தின் அந்த இரண்டு வரிக் கட்டம் அப்படியே இருக்கிறது. இவ்வாண்டு களத்துக்குப் போகவிருக்கும் இளைய மாணவர்கள் சிலர், அதில் என்ன எழுதுவது என்று ஆய்வாளரிடம் கேட்டார்கள். அவர் அவர்களிடம் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்டார். தரவு இருக்கும் கருவி யாரோடு பேசலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? அதே வலையமைப்பில் வேறு எவையெல்லாம் இருக்கின்றன? புதிய முகவரி முறையிலும் வாசல் அடைந்திருக்கிறதா? ஒரு நாள் ஏதேனும் நடந்தால், நடந்ததா இல்லையா என்று சொல்லப் பதிவேடு இருக்குமா? நான்கில் ஒன்றுக்கேனும் விடை சொன்னவர் இருவர்.

அலமாரியின் கீழ்த்தட்டில் பெட்டி இருக்கிறது. நான்காவது வாயின் விதி மாறவில்லை. கோப்பின் நீளம் இப்போது 1 மணி 54 நிமிடம்.